குழம்பு மீனைத் தூண்டிலில் மாட்டுவியா?

வாளியில் 18 மீன் இருந்தன. ஒவ்வொன்றும் என் நடுவிரல் நீளம். ஏழரை மணிக்கு வட்டமடித்துக்கொண்டிருந்தவை, எட்டேகாலுக்கு ஒன்று விடாமல் மல்லாந்து மிதந்தன.

தாத்தா மடக்கு நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"தண்ணியில இன்னா போட்ட?"

"ஐஸ் தாத்தா. வெயில் ஏறுதில்ல, சூடாயிடுமேன்னு."

"எந்தத் தண்ணி ஐஸு?"

"வீட்டுத் தண்ணிதான். குழாயில பிடிச்சு ட்ரேல வச்சது."

அவர் ஒரு மீனை எடுத்து, செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வாளியில் போட்டார். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது செவுளை அரிக்கும், அதோடு ஐஸ் உருக உருக உப்பு குறையும், வெதுவெதுப்பான கடல் தண்ணீர் சட்டென்று குளிர்ந்து போகும். மூன்றும் சேர்ந்தால் எந்தக் குட்டி மீன் பிழைக்கும்? இதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. தாத்தா அன்றைக்குச் சொன்னது ஒன்றுதான்.

"பரவால்ல. எடுத்துக்க, குழம்பு வச்சிக்கலாம்."

"தாத்தா, இது குழம்பு மீன் இல்ல. பெய்ட். பெரிய மீன் பிடிக்கிறதுக்கு இரை."

தாத்தா என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது? உங்கள் பாட்டி ஆசையாகச் சுட்டுக் கொடுத்த முறுக்கை நீங்கள் நாய்க்குப் போட்டால் அவர் எப்படிப் பார்ப்பார், அப்படி.

"பாப்பா, இது மடவை. மடவையை எடுத்தும் போயி தூண்டில்ல மாட்டுவியா?"

நான் அதுவரை அந்தச் சொல்லையே கேட்டதில்லை. எனக்கு அது மல்லெட். கால்வெஸ்டன் விரிகுடாவில் தூண்டில் போடுகிற யாரைக் கேட்டாலும் மல்லெட் என்றால் இரை என்றுதான் சொல்வார்கள். ஃப்ளோரிடா பக்கம் புகை போட்டுச் சாப்பிடுகிறார்கள். அதன் சினையை உப்பில் உலர்த்தி இத்தாலியிலும் ஜப்பானிலும் பெரிய விலைக்கு விற்கிறார்கள். டெக்சாஸில் மட்டும் பாவம், அதற்கு இரை என்கிற வேலைதான்.

அறிவியல் பெயர் முகில் செஃபாலஸ். தமிழில் எழுதினால் மேகம் மாதிரி வருகிறது, இல்லையா? சம்பந்தம் எதுவும் இல்லை, லத்தீனில் 'முகில்' என்றாலே இந்த மீன்தான். உலகத்தின் வெதுவெதுப்பான கடலோரங்களில் எல்லாம் இருக்கிறது. மெக்சிகோ வளைகுடாவிலும் இருக்கிறது, தாத்தா பிறந்த பழவேற்காட்டு ஏரியிலும் இருக்கிறது. உண்மையில் இது ஒரே இனமா, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பல இனங்களா என்று மரபணு ஆய்வு செய்பவர்கள் இப்போது பிரித்துப் பார்க்கிறார்கள். தாத்தாவுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. "மடவைதான். வாயைப் பாரு" என்றார்.

நாங்கள் உட்கார்ந்திருந்த இடம் டெக்சாஸ் சிட்டி டைக். விரிகுடாவுக்குள் சுமார் 5 மைல் நீட்டிக்கொண்டு போகும் கரை அது. 2008 செப்டம்பரில் ஐக் புயல் வந்து அதன் மேல் இருந்த கடை, கட்டிடம் எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போனது. இப்போது இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் சாலை, ஓரத்தில் பாறை, அங்கங்கே கொஞ்சம் மணல். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேர டிரைவ்.

வீடு எங்கே என்றால், ஹில்கிராஃப்ட் பக்கத்தில். 2010இல் ஹூஸ்டன் நகராட்சி அந்தப் பகுதிக்கு மகாத்மா காந்தி மாவட்டம் என்று பெயர் வைத்தது. புடவைக் கடை, நகைக் கடை, இனிப்புக் கடை, மளிகைக் கடை, எல்லாத் தெருப் பலகைக்கும் மேலே காந்தி பெயர். வந்த இரண்டாம் நாள் மாலை நடைக்குப் போன தாத்தா பலகையை நின்று படித்துவிட்டுக் கேட்டார்: "மாவட்டம்னா கலெக்டர் யாரு?" அவர் 35 வருடம் பள்ளிக்கூட வாத்தியார். ஜோக் அடிக்கிறாரா நிஜமாகக் கேட்கிறாரா என்று எனக்கு இன்றுவரை கண்டுபிடிக்கத் தெரியாது.

நான் எப்படி இந்த வலைக்கு வந்தேன் என்று சொல்கிறேன். முதலில் எல்லோரையும் போல உயிர் இறால் வாங்கித்தான் தூண்டில் போட்டேன். பெய்ட் கடையில் நீர் சுழன்றுகொண்டே இருக்கும் தொட்டியிலிருந்து வலைக் கரண்டியால் அள்ளித் தருவார்கள். சீப்ரூக், கீமா பக்கம் இறால் படகு வைத்திருக்கிறவர்களில் வியட்நாம் குடும்பங்கள் நிறைய. 1975இல் சைகோன் வீழ்ந்த பிறகு வந்தவர்கள், அங்கே தெரிந்த தொழிலையே இங்கேயும் செய்தார்கள். அது பிடிக்காத உள்ளூர்க்காரர் சிலரோடு சேர்ந்து கு க்ளக்ஸ் க்ளான் கும்பல் அவர்களை மிரட்டியது. 1981இல் வியட்நாம் மீனவர் சங்கம் நீதிமன்றம் போய், நீதிபதி கேப்ரியல் மெக்டொனால்டிடம் தடை உத்தரவு வாங்கியது. அவர் ஒரு கறுப்பினப் பெண் நீதிபதி. இதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, இறால் வாங்கப் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

இறால் நல்ல இரைதான். ஆனால் குட்டி மீனெல்லாம் வந்து கொத்திக்கொண்டே இருக்கும், ஐந்து நிமிடத்தில் முள் வெறுமையாகிவிடும். ரெட்ஃபிஷ், ஃப்ளவுண்டர் மாதிரி கொஞ்சம் பெரியது வேண்டுமென்றால் விரல் நீள மல்லெட் உயிரோடு வேண்டும். அது துள்ளும்போது தண்ணீரில் உண்டாகும் அதிர்வுதான் பெரிய மீனை இழுக்கிறது. கடையில் எப்போதும் கிடைக்காது. தூண்டிலிலும் அவ்வளவு எளிதில் மாட்டாது, ஏனென்றால் அது பாசியும் சேற்றில் படிந்ததும் தின்கிற மீன். கோழிக்கு இருப்பது போல அரைக்கிற இரைப்பை அதற்கு உண்டு. ஆகவே வலை ஒன்றுதான் வழி.

வீச்சு வலை வாங்கினேன். வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டெக்சாஸ் சட்டப்படி வீச்சு வலையின் விட்டம் 14 அடிக்கு மேல் இருக்கக்கூடாது. ஆனால் கடையில் பெட்டி மேல் போட்டிருப்பது பெரும்பாலும் ஆரம். அதாவது 7 என்று போட்டிருந்தால் சரி, 8 என்று போட்டிருந்தால் தப்பு. 17 வயது ஆகாதவர்களுக்கு இங்கே மீன்பிடி லைசென்ஸ் தேவையில்லை, அதற்கு மேல் கட்டாயம் வேண்டும். வலையில் ரெட்ஃபிஷ் குஞ்சு மாதிரி விளையாட்டு மீன் வகை எது வந்தாலும் உடனே திரும்ப விட வேண்டும்.

தாத்தாவுக்கும் லைசென்ஸ் வேண்டும் என்று சொன்னபோது, "கடலுக்கு லைசென்ஸா?" என்று சிரித்தார். வேண்டாம் என்றுவிட்டார். "நான் சும்மா வேடிக்கை பாக்குறேன்."

சும்மாதான் பார்த்தார். ஆனால் காரிலிருந்து இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "முகத்துவாரம் எந்தப் பக்கம்?" கால்வெஸ்டன் தீவுக்கும் பொலிவர் தீபகற்பத்துக்கும் நடுவே கப்பல்கள் வரும் இடத்தைக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு, காற்று எங்கிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்த்துவிட்டு, நாற்காலியைக் கொண்டுபோய் வேறு இடத்தில் போட்டுக்கொண்டார். அந்த 18 மீன் கிடைத்தது அவர் நாற்காலிக்கு எதிரேதான்.

நான் யூடியூப் பார்த்துப் பழகியவள். ஈயக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, பாதி வலையைத் தோளில் போட்டு, சுழன்று வீசுவேன். பத்தில் எட்டு தடவை வலை வாழைப்பழம் மாதிரி நீளமாகப் போய் விழும். தாத்தா காலையெல்லாம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, திரும்பி வரும்போது காரில் கேட்டார்.

"பல்லால ஏன் கடிக்கிற? அது ஈயம்."

"அப்படித்தான் தாத்தா வீடியோல சொல்றாங்க."

"முழங்கை எதுக்கு இருக்கு?"

அடுத்த சனிக்கிழமை மாலை எங்கள் அபார்ட்மென்ட் பின்னால் இருக்கும் புல்வெளிக்கு வலையைக் கொண்டு வரச் சொன்னார். புல்லுக்கு லைசென்ஸ் வேண்டாம் இல்லையா? முதலில் வலையை விரித்துப் போட்டு ஆராய்ந்தார். இங்கே விற்கிற வலையில் மேல் வளையத்திலிருந்து ஈயக் கயிறு வரைக்கும் உள்ளே மெல்லிய நரம்புகள் ஓடும். கைக்கயிற்றை இழுத்தால் நரம்பெல்லாம் சேர்ந்து வலையின் வாயைச் சுருக்குப்பை போல மூடிவிடும். தாத்தா அப்பா வைத்திருந்த வலையில் நரம்பு கிடையாதாம். வலையின் அடி ஓரத்தை உள்பக்கமாக மடித்துச் சுற்றிலும் கட்டியிருப்பார்களாம், அதற்கு மடி என்று பெயர். மெதுவாக இழுக்க இழுக்க ஈயம் தரையோடு கூடி வரும், மீன் தப்பிக்கப் பார்த்து மடிக்குள் போகும். "இதுல சட்டுனு இழுக்கலாம். அதுல சட்டுனு இழுத்தா மீன் போயிடும். பொறுமை வேணும்" என்றார். அந்தக் காலத்தில் பருத்தி நூல். துவர்ப்புச் சாற்றில் ஊறவைத்து, தினமும் காயப் போடாவிட்டால் மக்கிவிடும். நைலான் வந்த பிறகுதான் அந்த வேலை ஒழிந்தது.

பிறகு வலையை எடுத்தார். கைக்கயிற்றை மணிக்கட்டில் மாட்டி, ஒரு பங்கை இடது முழங்கையில் தொங்கவிட்டு, மீதியை இரண்டு கையிலும் பிரித்துக்கொண்டு, இடுப்பை மட்டும் திருப்பினார். அவருக்கு 74 வயது. வலை முழு வட்டமாக விழவில்லை, ஒரு பக்கம் நசுங்கி இட்லி மாதிரி விழுந்தது. ஆனால் என்னுடையதைவிட நூறு மடங்கு மேல். மூன்றாவது தடவை நன்றாகவே விழுந்தது. இரண்டு பையன்கள் சைக்கிளை நிறுத்திக் கைதட்டினார்கள்.

மேலே பால்கனியிலிருந்து அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எங்களுக்குத் தெரியாது. செருப்புக்கூடப் போடாமல் கீழே வந்தாள்.

"அப்பா. மேல வாங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டுமே. பாப்பாவுக்குச் சொல்லிக் குடுக்குறேன்."

"அவளுக்கு எதுக்கு இது? இதுல இருந்து வெளிய வரத்தானே நீங்க அவ்ளோ படிச்சீங்க, என்னைப் படிக்க வச்சீங்க?"

தாத்தா வலையை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு மேலே போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. வெறும் வலைதானே, இதற்கு ஏன் இவ்வளவு என்று அம்மாவிடம் கேட்டும்விட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. அன்று இரவு பாத்திரம் கழுவும்போது, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

தாத்தாவுக்கு வாத்தியார் வேலை கிடைத்து அவர்கள் சென்னைக்கு வந்த பிறகும், தாத்தாவின் அம்மா ஊரில்தான் இருந்தார். கூடையில் மீன் வைத்து விற்பவர். அம்மா அவரை ஆயா என்று கூப்பிடுவாள். அம்மா ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள், மீன் விற்றுவிட்டுத் திரும்பும் வழியில், பேத்தியைப் பார்க்க ஆயா பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டார். தலையில் கூடை. கேட்டைத் தாண்டி வந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி "யாருடி இது, இந்த நாத்தம்" என்றாள்.

"நான் தெரியாத மாதிரி போயிட்டேன்" என்றாள் அம்மா. "ஆயா கூப்பிடக்கூட இல்ல. புரிஞ்சிடுச்சு போல."

கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

நமக்கு எல்லாம் இது கொஞ்சம் புரிவது கஷ்டம் என்று நினைக்கிறேன். இங்கே மீன்பிடிப்பது வார இறுதிப் பொழுதுபோக்கு, படகு வைத்திருந்தால் அந்தஸ்து. என் கல்லூரியில் மல்லெட் வாடையோடு போய் நின்றால் "வாவ், எங்கே பிடித்தாய்?" என்பார்கள். அதே மீன், அதே வலை, அதே வாடைதான். ஆனால் எனக்கு அது கைதட்டல் வாங்கித் தருகிறது, ஆயாவுக்கு வேறு என்னவோ வாங்கித் தந்தது. அதற்கப்புறம் இரண்டு வாரம் நான் வலையைத் தொடவில்லை. தாத்தாவும் கேட்கவில்லை.

அக்டோபர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஜன்னல் சட்டென்று குளிர்ந்தது. டெக்சாஸ்காரர்கள் 'நார்தர்' என்பார்களே, வடக்கேயிருந்து வரும் முதல் குளிர்காற்று, அது. தாத்தா எழுந்து வந்து ஹாலில் நின்றார்.

"வாடை திரும்பிடுச்சு" என்றார்.

அம்மா லேப்டாப்பிலிருந்து நிமிரவில்லை. "போறதா இருந்தா ஜாக்கெட் போட்டுக்கோங்க. ரெண்டு பேரும்" என்றாள்.

வாடை அடித்தால் விரிகுடாத் தண்ணீர் தெற்கே தள்ளப்பட்டு முகத்துவாரம் வழியாக வெளியேறும். ஓரத்துப் புல்வெளிகளிலிருந்து தண்ணீர் வடியும்போது அங்கே ஒளிந்திருந்த குட்டி மீனெல்லாம் வெளியே வந்தாக வேண்டும். அன்று விடியும்போது நாங்கள் பார்த்தது அதைத்தான். வெளிச்சம் வரும் முன்பே தண்ணீர் மேல் மழை பெய்வது போலச் சிறு சிறு நடுக்கம், கூட்டம் கூட்டமாக, எல்லாம் ஒரே திசையில். நடுநடுவே முழங்கை நீளத்துக்கு ஒரு பெரிய மடவை குதித்து, பக்கவாட்டில் தொப்பென்று விழும்.

"அதைப் போடு, அதைப் போடு" என்று தாத்தா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"முடியாது தாத்தா. அக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் 12 அங்குலத்துக்கு மேல இருக்கிற மல்லெட்டைப் பிடிக்கக்கூடாது. சட்டம்."

ஏன் என்று யோசித்தார். அப்புறம் அவரே, "சினை" என்றார். "ஆமா, அங்கயும் ஐப்பசி கார்த்திகையிலதான் சினை வச்சிக்கிட்டு கடலுக்கு ஓடும். நாங்க அப்போதான் நிறையப் பிடிப்போம்." கொஞ்ச நேரம் குதிக்கிற மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரியான சட்டம்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

நான் முழங்கை முறையில் வீசினேன். சூரியனைப் பார்த்து நின்றால் நம் நிழல் மீன் மேல் விழாது, அது ஒன்று. மீன் இருக்கும் இடத்தில் வீசாமல் அது போகப்போகும் இடத்தில் வீச வேண்டும், அது இன்னொன்று. இரண்டையும் தாத்தா நாற்காலியிலிருந்தே கத்திக்கொண்டிருந்தார். இரண்டாவது வீச்சில் நாற்பதுக்கு மேல் வந்தது. பன்னிரண்டை வைத்துக்கொண்டு மீதியை விட்டேன். அவ்வளவுக்கு மேல் என் வாளி தாங்காது. கூட்டம் அதிகமானால் மூச்சுக்கு ஆக்சிஜன் போதாது, கழிவில் அம்மோனியா ஏறும், எல்லாம் சேர்ந்து சாகும். இந்தத் தடவை பிடித்த இடத்துத் தண்ணீரையே ஊற்றி, பேட்டரியில் ஓடும் காற்றுக்குமிழி மோட்டார் போட்டேன். குளிர்விக்க வேண்டுமென்றால் ஐஸை பாட்டிலில் போட்டு மூடி மிதக்கவிட வேண்டும், அதுவும் மெதுவாக. அன்று வாடையே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது.

தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஷூ போடாமல் இறங்காதீர்கள், காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். மணலில் திருக்கை படுத்திருக்கும், தேய்த்து நடந்தால் அதுவே விலகிப் போய்விடும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்கவே வேண்டாம். வெதுவெதுப்பான உவர்நீரில் விப்ரியோ என்ற பாக்டீரியா இருக்கும், அது விளையாட்டுக் காரியம் இல்லை.

முள்ளை மடவையின் உதட்டு வழியாக மாட்டும்போது தாத்தா வேண்டுமென்றே கப்பலைப் பார்த்தார். அவருக்கு இரை போடுவதில் ஆட்சேபம் இல்லை. மீனைக் கொண்டுதான் மீன் பிடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? மடவையைப் போடுவதுதான் மனசு கேட்கவில்லை. பழவேற்காட்டில் மடவை நல்ல விலைக்குப் போகும் மீன், கிடைத்தால் விற்பார்கள், வீட்டுக் குழம்புக்கு எப்போதாவதுதான் வரும்.

ஒன்பது மடவை செலவில் ஒரு ரெட்ஃபிஷ் கிடைத்தது. 23 அங்குலம். 20க்கும் 28க்கும் நடுவே இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம், ஒரு நாளைக்கு மூன்று. கரைக்கு இழுக்கும்போது அது வயிற்றுக்குள்ளிருந்து கொர் கொர் என்று சத்தம் போட்டது. தாத்தா குனிந்து பார்த்து, "அட, கத்தாழை" என்றார். சரிதான், நம் ஊர்க் கத்தாழையும் இதுவும் ஒரே குடும்பம். அதுவும் இப்படித்தான் கத்தும்.

"ஒன்பது மடவை குடுத்து ஒரு கத்தாழை வாங்கியிருக்க" என்றார். "நஷ்டம்தான்."

சாப்பிடலாமா என்று கேட்டார். ஹூஸ்டன் கப்பல் கால்வாய்ப் பக்கத்திலும் விரிகுடாவின் மேல் பகுதியிலும் பிடிக்கிற மீனையும் நண்டையும் பற்றி டெக்சாஸ் சுகாதாரத் துறை எச்சரிக்கை வைத்திருக்கிறது. சான் ஹசின்டோ ஆற்றோரம் 1960களில் காகித ஆலைக் கழிவைக் கொட்டிய குழிகள் இருக்கின்றன, டையாக்சின் கலந்தவை. எந்த இடம், எந்த மீன் என்று பார்த்துவிட்டுத்தான் நான் வீட்டுக்கு எடுத்துப் போவேன், நீங்களும் பாருங்கள். தாத்தாவுக்கு விளக்கினேன். "எண்ணூர்ல சாம்பலு, இங்க இதுவா" என்றார்.

கடைசி வீச்சு வீசியிருக்கக் கூடாது. பேராசை. தண்ணீர் வடிந்து வெளியே தெரிந்த சிப்பித் திட்டின் மேல் வலை விழுந்து மாட்டிக்கொண்டது. இழுத்தேன். சர்ரென்று ஒரு சத்தம், என் தலை புகும் அளவுக்குக் கிழிசல்.

வீட்டுக்கு வந்ததும் புது வலை ஆர்டர் போடுவதற்காக ஃபோனை எடுத்தேன். தாத்தா தயிர் டப்பா மூடியைக் கேட்டார். கத்தரிக்கோலால் அதை நீளமாக வெட்டி, நடுவே ஒரு நாக்கு விட்டு, ஒரு முனையில் பள்ளம் வைத்து, பத்து நிமிடத்தில் வலை ஊசி செய்துவிட்டார். என் தூண்டில் நரம்பை அதில் சுற்றினார். கண் அளவு பிசகாமல் இருக்க ஒரு ஐஸ்கிரீம் குச்சி. பிறகு சாப்பாட்டு மேசை விளக்குக்குக் கீழே வலையை விரித்து, முதல் வேலையாகக் கிழிசலைக் கத்தரிக்கோலால் இன்னும் பெரிதாக வெட்டினார்.

"தாத்தா!"

"பிஞ்சு தொங்குற நூலை வெட்டித் தள்ளாம முடிஞ்சா நிக்காது. மூணு கால் முடிச்சுல ஆரம்பிக்கணும், மூணு கால் முடிச்சுல முடிக்கணும். நடுவுல எல்லாம் ரெண்டு கால்."

புரியவில்லை. அவர் கை போகிற வேகத்தில் பார்த்துப் புரிந்துகொள்ளவும் முடியவில்லை. வலை மேசையில் வழுக்கிக்கொண்டே இருந்தது. நான் பிடித்தேன். "இறுக்காத" என்றார். தளர்த்தினேன். "தொங்குது" என்றார்.

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். மஞ்சள் கையைத் துணியில் துடைத்துவிட்டு, எதிர்ப் பக்க நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, என் கையிலிருந்து வலையை வாங்கிக்கொண்டாள். ஈயக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் ஒரு சுற்று மாட்டினாள். வலையின் கண்கள் வரிசையாகத் திறந்து நின்றன. தாத்தா ஒரு விநாடி நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். ஒருவரும் பேசவில்லை. அடுப்பில் கத்தாழைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, மிச்சம் இருந்த மூன்று மடவையும் அதில்தான் இருந்தன. மஞ்சளைத் துடைத்தும் துடைக்காமல் வந்ததால் வலையில் அங்கங்கே மஞ்சள் விரல் தடம்.

"ஊர்ல இருக்கும்போது நீ பிடிப்ப" என்றார் தாத்தா, ஊசியைப் பார்த்துக்கொண்டே. "நாலு வயசு."

"ஆயாதான் பிடிக்கச் சொல்லும்" என்றாள் அம்மா. "பொம்பளப் புள்ள வலையைத் தாண்டக்கூடாது, ஆனா பிடிக்கலாம்னு சொல்லும்."

"தாண்டினா இன்னா ஆவும்?" என்று கேட்டேன், தாத்தா குரலில்.

"ஒண்ணும் ஆகாது" என்றார் தாத்தா. "சும்மா சொல்றது."

கிழிசல் முடிய இரண்டு மணி நேரம் ஆனது. நரம்பு தீர்ந்துபோய் ஓரத்தில் ஒரு சாண் பாக்கி. அதை நீ போடு என்று ஊசியை என்னிடம் கொடுத்தார். நவம்பர் கடைசியில் அவர் கிளம்பிவிட்டார்.

வலை இப்போது கராஜில் ஆணியில் தொங்குகிறது. அவர் போட்ட பகுதியில் அங்கங்கே மஞ்சள் கறை இன்னும் போகவில்லை. நான் போட்ட ஒரு சாணில் எட்டு முடிச்சு. போன வாரம் வீசியபோது அதில் மூன்று நழுவிவிட்டது. வீடியோ காலில் காட்டினேன். "நரம்பை எச்சி தொட்டு இறுக்கணும்" என்றார் தாத்தா. பின்னால் அம்மா, "அதில்லப்பா, அவ சுத்தையே தலைகீழாப் போடுறா" என்றாள்.